பன்னிரண்டு அடிப் பலகை

பிப்ரவரியில்
ஆர்விலின் பனிவாரி எந்திரம் துப்பிய கல்
என் தெற்குச் சுவரில்
கீழிருந்து நாலாவது சிமெண்ட் பலகையில்
ஒரு வாய் வைத்துவிட்டுப் போனது.
அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.
சுப்பீரியர் ஏரிக்காற்று மட்டும்
பேசிக்கொண்டிருந்தது.

மே.
மேல்பலகையின் அடியில் தட்டைக் கம்பியை நுழைத்து
ஒளிந்திருக்கும் ஆணிகளை நெம்புகிறேன்.
ஒவ்வொன்றுக்கும் பல் பிடுங்கும் சத்தம்.
உடைந்தது சில்லுசில்லாய் வருகிறது.
உள்தாள் நனையவில்லை, நல்லவேளை.
செத்த குளவி ஒன்று;
கட்டியவர் யாரோ பென்சிலில் போட்ட
கூட்டல் கணக்கு, தப்பான விடையோடு.

புதுப் பலகையைக் கிடத்தித் தூக்கினால்
தன் கனத்திலேயே முறியும்.
நிமிர்த்திப் பிடிக்கணும், ரெண்டு பேர்,
என்று கடைக்காரி மூன்று தடவை சொன்னாள்.
நிமிர்த்தி என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

வண்டியிலிருந்து பாதி இழுத்தாயிற்று.
மறுமுனை தொய்கிறது.
வேலியைச் சுற்றாமல் தாண்டி வந்து
ஆர்வில் அதைப் பிடிக்கிறார்.
“நிமிர்த்து, மார்னா.”
மூன்று மாதத்தில் முதல் சொல்.

அறுக்கும்போது முகமூடி ஒன்றுதான் இருந்தது.
காற்று வரும் பக்கம் தள்ளி நின்றார்.
சாம்பல் தூசு
அவருடைய வெங்காயத்தாள் பாத்தியில் போய் இறங்கியது.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

டப்பாவில் அதே எண்தான்.
ஆனால் பழைய நீலம்
பதினோரு வருஷ வெயில் குடித்தது.
புதுப் பலகை தனியாகத் தெரிகிறது,
அதுவும் அவர் சமையலறை ஜன்னலுக்கு நேராக.

“இன்னொரு கோட் அடிச்சுப் பார்க்கலாம்” என்கிறார்.
வேண்டாம், இருக்கட்டும் என்கிறேன்.
தூரிகையைக் கழுவ
அவர் குழாயைத்தான் திறக்கிறேன்.