வற்றுநேரம்

ஆவுளியா எண்ணத்தான் என்னை ஏற்றினார்கள்.
பதினொன்று எண்ணியிருந்தேன்.
விமானியின் தலை என் தோளில் விழுந்தது.

காதுக்குள் உச்சிப்புளிக்காரர்:
வேகம் எவ்வளவு?
எந்த முள்ளு சார்?

வல்லத்தில் சுக்கானை இடப்பக்கம் தள்ளினால்
அணியம் வலப்பக்கம் போகும்.
இதுவோ
கை போன பக்கமே சாய்கிறது.
முப்பது வருசத்தை
மூன்று நிமிடத்தில் மறந்தேன்.

காற்றுக்கு எதிரே வாங்க, என்றார்.
கச்சான். எனக்குத் தெரிந்த ஆள்.
ஏர்வாடிக்கு மேற்கே
வற்றுமணல் ஈரமாய் நீண்டு கிடந்தது.
மூக்கைத் தூக்குங்க, இன்னும், இன்னும்
மண் வந்து இடித்தது
இரண்டு தரம்.

விசிறி நின்ற பிறகுதான் கேட்டது
பக்கத்தில்
குறட்டை போல ஒரு மூச்சு.

பாசி எடுத்த பெண்கள் ஓடி வந்தார்கள்.
“தண்ணி ஏறுது, இழுங்கடி”
இறக்கைக்குத் தோள் கொடுத்தாள் சீனிக்காளி.

மணலில் கிடந்த காதுக்கருவி
இன்னும் கேட்கிறது,
வேகம் எவ்வளவு?