இரண்டு நடை

கயலினியின் பழைய கணக்குக் கொப்பியில்
நடுத்தாளைக் கழற்றி
"வீடு மாறுதல்" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
எட்டிப் பார்த்தவள்
"கட்டுரையோ அம்மா?" என்றாள்.

பத்தாம் வாய்க்காலிலிருந்து எட்டாம் வாய்க்காலுக்குச்
சைக்கிளில் போனால் பதினொரு நிமிடம்.
லான்மாஸ்ரர் கபிலதாசன்
நடைக்கு இரண்டாயிரத்தைந்நூறு சொன்னார்.
மூன்று நடை என்று நான் எழுதியிருந்தேன்.
ஒருதரம் வீட்டுக்குள் கண்ணை ஓட்டிவிட்டு
"உங்கட சாமானுக்கு ரெண்டு காணும் அக்கா" என்றார்.
காசு மிச்சம்.
ஆனாலும் கொஞ்சம் நொந்தது.

ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர்
எங்களுடையதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டினார்.
மூன்று வருசம்.
மழை ஞாயிறு, செத்தவீட்டு ஞாயிறு,
சீமெந்து விலை ஏறிய ஞாயிறுகள் கழித்து
மூன்று அறை, ஒரு ஹோல்,
நின்று சமைக்கிற குசினி.

அலுமாரி ஆறடி நாலங்குலம்.
கதவுநிலை ஆறடி மூன்று.
"சரிச்சுக் கொண்டு போகலாம்" என்கிறார்.
இருபது வருசமாக
எல்லாவற்றையும் சரிச்சுக் கொண்டு போகலாம் என்கிற மனிசன்.

ஐயர் தந்த நேரம்
ஐந்து நாற்பத்திரண்டிலிருந்து ஆறு இருபத்தைந்து.
கபிலதாசனுக்கு முதலில் ஆற்றையோ நெல்லு இறக்க வேண்டும்,
எட்டு மணியாகும்.
ஆகவே
விளக்கு, உப்பு, மஞ்சள், பாற்பானை
மோட்டச்சைக்கிளில் என் மடியில் போகும்.
நல்ல நேரத்தில் நாங்கள்,
ராகு காலத்தில் கட்டில்.

கோழிக்கூட்டைத் தவமலர் அக்கா கேட்டிருக்கிறா.
கொச்சிக் கன்றுகளை
வேரோடு மண்ணோடு யூரியாப் பையில் எடுக்கலாம்.
"கிணறு" என்று எழுதி
பிறகு வெட்டினேன்.
அங்கே தண்ணீர் கொஞ்சம் சவர்.

"மூன்றாவது அறை" என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல் இரண்டு நாள் இருந்தேன்.
"நெல்லு மூட்டை அடுக்கலாம்" என்றார் இவர்.
"எனக்கு" என்றாள் கயலினி.
பூச்சு காயாத அந்த அறையின் நடுவில் நின்று
தன் பெயரைத் தானே கூப்பிட்டாள்.
சுவர் திருப்பிச் சொன்னது.
வெளியில் வந்து மெல்லமாய்க் கேட்டாள்:
"இரவில என்னோட ஆர் படுக்கிறது?"

"இதுக்கு முதல் எத்தினை தரம் அம்மா வீடு மாறினனீங்கள்?"
கை விரல்களை எண்ணி, மற்றக் கைக்கும் போய்,
ஒரு தறப்பாளை வீடென்று கணக்கெடுப்பதா என்று
தடுமாறி
"கனதரம்" என்றேன்.
ஒன்றுக்கும் கொப்பி இருக்கவில்லை,
நாள் பார்க்கவில்லை.
ஒருதரம் உலை கொதிக்க விட்டு வந்தோம்.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.
அவள் பட்டியலின் அடியில்
தன்னுடைய வட்ட எழுத்தில்
"சொக்கன் முதல் நடை. என்ர பக்கத்தில"
என்று நாயை எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுதாமல் விட்டது ஒன்று.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கறுப்புப் பை.
பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி, குடும்ப அட்டை,
ஒரு ரோச், மூன்று படம்.
வருசத்துக்கு ஒருதரம் தட்டிப் பார்த்து
பற்றரி மாற்றுவேன்.
அது எந்த நடையிலும் வராது,
தோளில்தான் வரும்.
வந்து எங்கே இருக்கும்?
புது வீட்டில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டலாம்,
எல்லாரும் அப்படித்தானே வைக்கிறார்கள் என்று
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நேற்றுத் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனேன்.
முன்கதவைச் சாத்தினால்
பின்னால், புதுப் பூச்சில்,
இவருடைய உயரத்தில் இல்லை,
என் கைக்கு எட்டும் உயரத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி.

கேட்கவில்லை நான்.
கொப்பியில்
யன்னல் சீலை, ஐந்தடி
என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.