ஒலி எழுப்பவும்

இரவு ஒன்றே முக்காலுக்கு மேல்
ஓமலூர்ப் பாதையில் சரக்கு வண்டி கிடையாது.
மூன்றே கால் வரை மேசை அசையாது.
அதற்குள் முடித்தாக வேண்டும்.

தாட்சாயணி வாசலிலேயே கொலுசைக் கழற்றி
வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொள்கிறாள்.
அதனால் ஒன்றும் ஆகாது என்று
கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறேன்.
இருந்தாலும், என்கிறாள்.

படிகம்
ஓர் எள்ளில் கால்பங்கு.
அதில் துளைகள், வரிசை வரிசையாக.
துளைக்கும் துளைக்கும் நடுவில் விட்ட தூரம்
கண்ணுக்கு எட்டாத சிவப்பு ஒன்றுக்கு மட்டும் ஆகாது.
மற்றவை போகும்.
இது வந்தால்
ஒவ்வொரு துளையும் துளித்துளியாகத் திருப்பிவிட,
திருப்பியதெல்லாம் ஒன்றுகூடி
வந்த வழியே வெளியே தள்ளிவிடும்.
சுவர் என்று எதையும் நாங்கள் கட்டவில்லை.
இடைவெளிகள் சேர்ந்து நின்றுகொண்டன.

ஓரத்தில் சீப்புப் பல் போலத் தங்கக் கோடுகள்.
மின்சாரம் கொடுத்தால் படிகத்தின் தோல் நடுங்கும்,
நொடிக்கு நூறு கோடி முறை.
வௌவாலுக்கும் கேட்காது. ஒலி என்றுதான் சொல்கிறோம்.
நொடியில் இங்கிருந்து ஓமலூரை எட்டாத ஒலி.
ஒளிக்கு அதே நொடியில்
ஊர் என்றே ஒன்றில்லை.

கறுப்புத் திரையை விலக்கினால் மலை.
ஏற்காட்டிலிருந்து யாரோ இறங்குகிறார்கள் இந்நேரத்தில்.
ஒற்றை வெளிச்சம்,
வளைவுக்கு வளைவு அணைந்து, கீழே முளைத்து.
இவ்வளவு தூரம் எதுவும் கேட்காது.
ஆனாலும் தெரியும்:
கொண்டை ஊசியில் மஞ்சள் பலகை சொன்னபடி
ஹாரன் முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கும்,
விளக்கு பிறகுதான் வரும்.

எங்கள் கதவிலும் ஒரு பலகை.
'ஒளியால் ஒலியை ஆளும் ஆய்வுக்கூடம்'.
எழுதிக் கொடுத்தது நேர்மாறாக.
பெயிண்டர் ளகரத்தை இடம் மாற்றிவிட்டார்.
அவரைச் சொல்லி என்ன,
வாய்க்குள் நாக்கு மடிந்தால் ஒளி,
மடிக்க மறந்தால் ஒலி.
திருத்துவதற்கு மூன்று கையெழுத்து வேண்டுமாம்.
இரண்டு வாங்கினோம்.
மூன்றாமவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இரண்டு நாற்பது.
கொடு, என்கிறாள்.
குமிழைத் திருப்புகிறேன்.
அறையில் குளிர்சாதனத்தின் முனகல்,
வயிற்றில் எட்டு மணிக்குத் தின்ற தட்டுவடை செட்.
துளைகள் ஓர் அணுவின் அகலம்கூட நகர்ந்திருக்காது.

திரையில்
தட்டையாகக் கிடந்த கோட்டில் ஒரு முள்.

ஆகாத சிவப்பு
அந்தப் பக்கம் நிற்கிறது.
நுழைந்த சிவப்பே அல்ல;
ஒலியின் எண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு
மயிரிழை மாறியது.
அந்த மயிரிழைக்குத்தான் வழி விட்டிருக்கிறது.

கொஞ்சம் தள்ளி இடப்புறம்
இன்னொரு முள்.
பார், என்கிறாள்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
இது ஒலியிடம் எதையும் வாங்கவில்லை, கொடுத்திருக்கிறது.
நாங்கள் அனுப்பியதைவிட
ஒலி கொஞ்சம் கூடுதலாக வந்து சேர்கிறது.
ஒளி தள்ளி, ஒலி வளர்ந்து.

இருவரும் கதவைப் பார்க்கிறோம்.
பலகை வெளிப்புறம்.
பெயிண்டர் எழுதியதும் நடக்கிறது.

மூன்று ஐந்து.
அட்டவணையில் இல்லாத ஏதோ வண்டி.
மேசைக்குத்தான் முதலில் தெரிந்தது,
பிறகு முட்களுக்கு,
பிறகு எங்களுக்கு.
கேட்டுக்கு அருகே நீளமாக ஊதுகிறான்.
கோடு முழுக்கப் புல் முளைத்துவிட்டது.

சேமித்தாயா, என்கிறேன்.

பதில் இல்லை.
கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்
கொலுசை இறுகப் பிடித்தபடி நிற்கிறாள்,
ஒரு மணியும் அசையாமல்,
கடைசிப் பெட்டி போய் முடியும் வரை.