பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் இடையில்

அடிவாரத்தில் வேன்காரர்கள் கேட்டார்கள்,
ரோடு எப்ப மேடம் திறப்பீங்க?
மழையைக் கேளுங்க என்றேன்.
அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

துறை கொடுத்த வரைபடத்தில்
ஏற்காட்டுப் பாதை ஒரு சிவப்பு நூல்.
நூலுக்கு இருபுறமும் ஐம்பது மீட்டர் என் பொறுப்பு.
ஐம்பதுக்கு அப்பால் நிலம் என்ன செய்தாலும்
ஒப்பந்தத்தில் இல்லை.

பாறை சார்னோகைட்.
உடைத்தால் உள்ளே கரும்பச்சை,
எண்ணெய் தொட்ட விரல் பட்டது போல ஒரு மினுக்கம்.
வெளியே துரு.
பிளவுகள் சாலையைப் பார்த்துச் சாய்கின்றன,
அறுபத்திரண்டு பாகை.
பிளவுகளைக் குற்றம் சொல்ல முடியாது.
அவை முன்பே இருந்தன,
சாலைதான் வந்து காலடியை வெட்டியது.

டேப்பின் மறுமுனையில் தவசியப்பன்
குரங்குக் குல்லா, மேலே ஒரு துண்டு.
பதினாறு டிகிரிக்கா என்று சிரித்தேன்.
நான்கு கோடை லடாக் கணவாய்களில் கிடந்தவள் நான்.
அங்கே ரோடு போடுமுன், குழாய் பதிக்குமுன்
உறைந்த மண்ணைத் துளைத்து
காய்ச்சல் பார்ப்பது போல் கம்பி விட்டுப் பார்ப்போம்.
மைனஸ் இரண்டா, லாரி நிறுத்தலாம்.
பூஜ்யம் தாண்டியதா, இட்லி மாவு.
மண்ணைப் பிடித்திருந்தது மண் இல்லை,
அதற்குள் நகராமல் நின்ற தண்ணீர்.

இந்த மலையில் எதுவும் உறைவதில்லை.
ஆனாலும் நோட்டில் முதல் வரி அதேதான் எழுதினேன்:
தண்ணீர் எங்கே?

சரிவு இருபத்தெட்டு மீட்டர் அகலம்.
செம்மண், தொட்டி அளவு உருண்டைக் கற்கள்,
பழுக்காத காப்பி.
ஒரு சில்வர் ஓக் மட்டும் விழாமல்
நின்றபடியே இறங்கி வந்திருக்கிறது,
மிளகுக்கொடி கலையாமல்,
நடுரோட்டில் லிப்ட் கேட்பது போல.

பிளவின் வாயில், உடைந்த தாங்குசுவருக்குப் பின்னால்,
கையை விட்டேன். ஈரம்.
இன்னும் உள்ளே விட்டபோது
விரலில் சிக்கியது அரை இஞ்ச் கறுப்பு ஓஸ் துண்டு,
சிமெண்டில் பாதி புதைந்து.

அது மங்காயி டீக்கடை ஓஸ் மேடம் என்றான் தவசியப்பன்.

பதினோரு வருடம் அந்த ஓஸ் வழியாக
மலை ஒழுகியிருக்கிறது.
பாய்லருக்கு, கிளாஸ் கழுவ,
நின்ற வண்டிகளின் ரேடியேட்டருக்கு.
சித்திரையில் ஆக்கிரமிப்பு அகற்றினார்கள்.
கடை போனது. ஓஸைப் பிடுங்கி
ஓட்டையைப் பூசி
சுவர் எழுப்பினார்கள், சுத்தமான சுவர்,
ஒரு துளை கூட இல்லாமல்.
ஐப்பசியில் மலை அதைத் தள்ளியது.

மாலையில் உதவிப் பொறியாளர் குமுதவல்லி
வரைபடத்தின் மேல் குனிந்தார்.
இந்த நீல வட்டம் என்ன, குறிவிளக்கத்துல இல்லையே?
வடிகால்.
யார் போட்டது?
கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் "கனமழை" என்று
ஏற்கெனவே யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள்.
அதற்குக் கீழே ஓஸைப் பற்றி எழுதினேன், அளவோடு, தேதியோடு.
அவர் அடிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

மறுநாள் மங்காயியைத் தேடிப் போனோம்.
இப்போது ஒன்பதாவது வளைவில், கேன் தண்ணீரில்.
டீ நல்லா இல்லேன்னு எனக்கே தெரியும் என்றாள்
நாங்கள் வாய் வைக்குமுன்.
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்:
பதினான்கு துளைக் குழாய்கள், ஆறு மீட்டர் ஆழம்,
முதல் குழாய் இங்கே.
கரண்டியைக் கீழே வைக்காமல் பார்த்தாள்.
அங்க இல்ல. அதுக்கு மேல நாலடி.
பங்குனியிலயும் வத்தாது.

ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்
நாலடி என்பது
ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூட.
ரப்பரால் அழித்தேன்.
புதிய புள்ளி வைக்க
பென்சிலைச் சீவ வேண்டியிருந்தது.