எதுவும் மாட்டக் கூடாத சுவர்

வடக்குச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள் என்று
மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.
நான்காம் முறை நேரில் வந்து பார்க்கிறேன்:
எல்க் மானின் தலை.
கொம்பு மட்டுமே பதினோரு கிலோ.
"அழகாக இல்லையா?" என்கிறார் வெய்னோ.
அழகுதான்.
தொட்டி வெடிக்கிற நாளில் அது
சுவரை விட்டுக் கிளம்பி
உங்கள் நாற்காலி வரை வரும், என்கிறேன்.
நீங்கள் சுட்டதை அது மறந்திருக்காது.

போத்னியா வளைகுடா இங்கே
நவம்பரிலேயே ஓரம் உறையத் தொடங்கிவிடும்.
டிசம்பர் சூரியன்
கடன் வாங்கியவன் போலத் தலையைக் காட்டி
மூன்று மணி நேரத்தில் நழுவிவிடும்.
இப்படிப்பட்ட ஊரில்தான் நான்
ஜன்னலே இல்லாத கட்டுப்பாட்டு அறையை வரைந்தேன்.

நாற்பது சென்டிமீட்டர் கான்கிரீட்.
உள்முகத்திலும் கம்பி, வெளிமுகத்திலும் கம்பி,
ஏனென்றால் வெடிப்பு தள்ளுவதோடு நிற்பதில்லை.
தள்ளும். அடுத்த கணமே
சொன்ன சொல்லைத் திரும்பக் கேட்பவன் போலத்
தன் பக்கம் இழுக்கும்.
எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.
அந்தப் பத்தில் ஒரு பங்கோடு
பதினான்கு மாதம் குடித்தனம் நடத்தினேன்.

சுவருக்கு நான் தந்த அனுமதி இவ்வளவுதான்:
வளையலாம்.
விரிசல் விடலாம்.
உள்ளே இருக்கும் ஒன்பது பேரும்
தெற்குக் கதவு வழியே
தங்கள் காலால் நடந்து வெளியேறிய பிறகு
எதற்கும் ஆகாமல் போகலாம்.
இடித்துத் தள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.
கணினி அலமாரிகளைத் தரையோடு முடுக்கினேன்.
விளக்குகள் அறுந்தாலும் விழாதபடி சங்கிலி போட்டேன்.
வால்வுகளை மூடச் சொல்லும் குரல்
கடைசி வரை கம்மிப்போகக் கூடாதல்லவா.

பிறகொரு பிப்ரவரிக் காலை
கதவுச் சட்டத்தைச் சோதிக்கப் போனேன்.
அறைக்குள் இரண்டே பேர்.
மற்ற ஏழு பேர்?

தொட்டிகளிலிருந்து அறுபது மீட்டரில்
பழைய மரக்குடில்.
காபிக் கெண்டி. ஏலக்காய் ரொட்டி.
கடலைப் பார்த்து அகலமாக ஒரு கண்ணாடி.
என் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தின்
நட்டநடுவில்
ஏழு பேர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"உன் பெட்டிக்குள் இரவா பகலா தெரிவதில்லை, ரைலி"
என்றாள் ஓர்வொக்கி, ரொட்டியை நீட்டியபடி.
குற்றச்சாட்டு இல்லை அது.
தகவல்.

ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.
உட்காரவில்லை.
பிறகு உட்கார்ந்தேன்.
வெயில் முழங்காலில் பட்டது.
அழுத்தம், அலை, எஃகின் இழுவை எல்லாம் தெரிந்தவளுக்கு
இந்த முழங்கால் கணக்கு தெரியாமல் போயிற்று.

ஆறு வாரம்.
தொட்டிகளுக்கு முதுகு காட்டும் தெற்குச் சுவரில்
முப்பது சென்டிமீட்டர் அகலம், தொண்ணூறு உயரம்.
அலை மூலை திரும்பி அங்கேயும் வரும்,
கொஞ்சம் களைத்துப்போய் வரும்.
அந்தக் களைப்பை நம்பாமல்
அடுக்கடுக்காய் ஒட்டிய கண்ணாடி,
ஆழமான எஃகுச் சட்டம்.
"ஒரு ஓட்டைக்கு இவ்வளவு செலவா?" என்றார் மேலாளர் ரௌத்தியோ.
குடிலுக்கு அழைத்துப்போனேன்.
காபி ஆறும் முன் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் குடிலைப் பிரித்து
பலகைகளைக் கரையில் குவித்தோம்.
நடுக்கோடை இரவின் சொக்கப்பனைக்கு
இந்த முறை விறகு தேட வேண்டியிருக்கவில்லை.
இருட்டாத வானத்தின் கீழே
நன்றாகவே எரிந்தது.
எவ்வளவு சுலபமாக எரிகிறது என்று
யாரோ சொன்னார்கள்.
யாரும் பதில் பேசவில்லை.

ஆறு வருடம் ஆகிறது. எதுவும் வெடிக்கவில்லை.
வெடிக்காத ஒரு நாளுக்கு
என் சுவர் எந்த விதத்திலும் காரணமில்லை.
அது சும்மா நிற்கிறது,
சம்பளத்துக்கு.

டிசம்பரில் அந்த ஒடுக்கமான வெளிச்சம்
தரையில் ஒரு பட்டையாக விழுந்து நகரும்.
அதன் பின்னாலேயே
நாற்காலியை இழுத்துக்கொண்டு போகிறார்கள், முறைவைத்து.
எல்க் தலை வெய்னோ வீட்டுச் சௌனாவில் வியர்க்கிறது.
வடக்குச் சுவரில் இரண்டு ஆணித் துளைகள் மிச்சம்.
அவற்றை அடைக்கச் சொல்லியும்
எழுதியிருக்கிறேன்.