இருநூற்றுப் பதின்மூன்று நடை

வரைபடத்தில் அந்த இடத்துக்கு
வெள்ளை நிறம்.
ஓரத்தில் பொடி எழுத்தில்: காலி மனை.

காலியாம்.
விடிகாலை மூன்று மணிக்கு எடெல்மிரா
ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறபோது
அந்தக் காலி மனையிலிருந்துதான்
அவ்வளவு சத்தமும் வரும்.
தவளை, கோரைக்குள் முனகும் ஏதோ ஒன்று,
ஈரச் சிறகை உதறும் இன்னொன்று.
ஜூன் மாதத்திலிருந்து
லாரி.

சிலியின் தெற்கே ஜூன் என்றால் அடைமழை.
பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்தாலும் கேட்காது.
கட்டட முதலாளிக்கு அது தெரியும்.
இடித்த பள்ளிக்கூடத்தின் சுவர், உடைந்த ஓடு,
பீங்கான் கழிப்பறை எல்லாம்
இருட்டோடு இருட்டாக நீருக்குள் போயின.
குழியில் ஆனையைத் தள்ளுவதில்லை இது,
ஆனையைத் தள்ளிக் குழியையே தூர்ப்பது.

தெருக்காரர்கள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள்.
ஒரு தகரக் கொட்டகை, வெந்நீர்க் குடுவை,
கைமாறிக்கொண்டே இருக்கும் மாத்தே குவளை.
பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் யாஸ்னா,
ரயில்வேயில் சிக்னல் போட்டு ஓய்வு பெற்ற பௌடிலியோ.
எண்ணுவதில் அவர் கறார்:
பறக்கிறதை எண்ணமாட்டார்,
உட்காரட்டும் என்பார்.
அன்னங்கள் நாற்பத்தொன்று.
வெள்ளை உடம்பு; கழுத்து மட்டும்
மைப்புட்டிக்குள் விட்டு எடுத்ததுபோல்.

பாலையும் நீரையும் பிரிக்கும் என்று
நம் ஊரில் அன்னத்துக்கு ஒரு பெயர் உண்டு.
இவை அப்படி எதுவும் செய்வதில்லை.
நீர் எங்கே முடிகிறது,
நிலம் எங்கே தொடங்குகிறது,
அவ்வளவுதான் இவற்றுக்குத் தெரியும்.
நகராட்சிக்கு அதுதான் தெரியவில்லை.

வந்த அதிகாரி நல்ல மனிதர்தான்.
குடையை மடக்காமலே சொன்னார்:
நீர் வேண்டும், இல்லை நீர்ச்செடி வேண்டும்,
ஈரமண்ணாவது வேண்டும்.
எனக்கு இங்கே செங்கல்தானே தெரிகிறது?
பௌடிலியோ நோட்டை நீட்டினார்.
பறவை பறந்துபோகுமே ஐயா, என்றார் அதிகாரி.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற
எரால்டோ பர்ரீயா வாயைத் திறந்தான்.
லாரி அவனுடையது.
வீடு இதே தெருவில், பள்ளத்தில், கடைசி.
போக இடமில்லாத நீர்
அவன் சமையலறைக்கு வந்திருந்தது.
மூன்று வாரமாக மகளின் கட்டில்
செங்கல்மேல் நிற்கிறது.
எந்தச் செங்கல் என்று யாரும் கேட்கவில்லை.

அவனிடமும் ஒரு நோட்டு. கூலிக்காக எழுதியது.
தேதி, நேரம், எந்த மூலை.
இருநூற்றுப் பதின்மூன்று நடை.
கடைசிப் பதினொன்றுக்குக் காசு வரவில்லை.
மனசாட்சி பற்றி அவன் எதுவும் பேசவில்லை;
பதினொன்று என்பதை மட்டும்
இரண்டு தரம் சொன்னான்.

எடெல்மிரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
மண்வெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இது முதல் நடை, என்று தோண்டினான்.
ஓடு வந்தது. கம்பி வந்தது.
கரும்பலகைத் துண்டு ஒன்று,
அதில் அழியாமல் ஒரு கூட்டல் குறி.
இடுப்பளவு ஆழத்தில் ஓசை மாறியது;
கணீர் போய், சொத்.
சாம்பல் நிற மண், அழுகிய முட்டை வாசம்,
நசுங்கிய கோரைக்கிழங்கில்
வெளுத்த முளை ஒன்று,
மேலே போகும் வழியை மறக்காமல்.
பிறகு நீர்.
அவசரமே இல்லாமல் ஊறியது,
அதிகாரியின் காலணி நிறைகிறவரை.
மூன்றும் இருக்கிறதே, என்று எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
அந்தக் குழியை முதலாளியின் வக்கீல்
மழைநீர் தேங்கிய பள்ளம் என்கிறார்.
எரால்டோ இப்போது எதிர்த்திசையில் நடை அடிக்கிறான்,
கூலியில்லாமல், முனகிக்கொண்டே,
நோட்டில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே.
நேற்று நூற்றுத் தொண்ணூற்றாறு.
எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாய், என்றாள் யாஸ்னா.
முதலாளி வீட்டெதிரே
ஒரு காலி மனை இருக்கிறது, என்றான்.

மூன்று மணிக்கு லாரிச் சத்தம் கேட்டால்
எடெல்மிராவுக்கு இன்னும் கை நின்றுவிடுகிறது.
வருகிறதா, போகிறதா என்று
காது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான்
மறுபடி மாவைத் தொடுகிறாள்.