ஆழ்கடல், மெதுவாக

பிரஸ்ஸல்ஸில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
நிலவறையில் எனக்கு ஒரு மேசை.
பதினோராயிரம் அட்டைகள்.
இசையமைப்பவர்கள் எண் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப்
போய்விடுவார்கள்.
பெயர் வைப்பது என் வேலை.
கேட்பேன், பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்வேன், எழுதுவேன்:
தொழிற்சாலை, நம்பிக்கையுடன்.
பனிச்சறுக்கு, குடும்பத்தோடு.
லேசான கவலை (அலுவலகத்துக்கு ஏற்றது).

பெருந்துயரம் கேட்டு எங்களிடம் ஆள் வருவது குறைவு.
காசுள்ளவர்கள் அதைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்வார்கள்.
எங்களிடம் வருவது சிமென்ட் கம்பெனி,
வானிலை அறிக்கை, நாய்த்தீனி,
துப்பறிபவன் காரை நிறுத்திவிட்டு
மாடிப்படி ஏறுகிற அந்த இருபது விநாடி.

ஃபிர்மின் செவ்வாய்க்கிழமை வருவார்.
மழைக்கோட்டைக் கழற்றமாட்டார்.
எழுபத்து நான்கு மார்ச்சில் அவர் கொண்டுவந்த நாடாவில்
ஒரு பாஸ் கிளாரினெட், ஒரு வைப்ரஃபோன்,
நடுவில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.
இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.
நான் எழுதினேன்:
ஆழ்கடல், மெதுவாக. ஆக்டோபஸ் முதலியன.

எதிர்ப்பக்கம் நின்றபடியே, தலைகீழாக அட்டையைப் படித்தார்.
"அது, என் மனைவி தூங்கிய பிறகு
நான் சமையலறையில் நிற்பது."
ரப்பரைத் தேடினேன்.
"விடுங்கள் கோடலீவ்.
சமையலறை என்று போட்டால்
சோப்புக்காரன்தான் வாங்குவான்."

விதி ஒன்று உண்டு.
எதையும் அறுபது, முப்பது, பத்து விநாடிக்கு நறுக்கித் தரவேண்டும்;
அப்புறம் மெட்டை எடுத்துவிட்டு ஒரு பதிப்பு,
பேச்சுக்கு அடியில் போட்டுவைக்க.
ஒலிப்பதிவாளர் கிளாரினெட்டின் குமிழைக் கீழே இறக்கினார்.
மிச்சமிருந்தது வைப்ரஃபோன்,
ஆளில்லாத அறையில் மின்விளக்கை
அணைத்து அணைத்துப் போடுவதுபோல.
நாற்காலி மட்டும் அதிலும் இருந்தது.
வெட்டிவிடலாமா என்று கேட்டார்.
மணி ஐந்தாகியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

ரொமான் என்னை விட்டுப் போனது நவம்பரில்.
சாப்பாட்டு மேசையில் சொன்னார், நிதானமாக,
வாடகை ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுவரை.
பின்னால் எதுவும் ஒலிக்கவில்லை.
தொழில் புத்தி, மனம் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தது:
பிரிவு, ரயில் நிலையம். இல்லை, அவர் சைக்கிளில் போனார்.
பிரிவு, மழை. வெளியே நல்ல வெயில்.
லேசான கவலை
என்ற அட்டையில் கொஞ்ச நேரம் நின்றேன்.
என் கையெழுத்துதான்.

இரவு தொலைக்காட்சியைப் போட்டேன், வீட்டில் குரல் வேண்டுமென்று.
நார்வேக்காரர்கள் எடுத்த படம்.
பாறையோடு பாறையாக ஒரு ஆக்டோபஸ்,
செந்நிறமாகி, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல வெளுத்தது.
வர்ணனையாளர் அதற்கு மூன்று இதயங்கள் என்று
சொல்லிக்கொண்டிருந்தார்.
அவர் குரலுக்கு அடியில்
மெட்டு எடுக்கப்பட்ட ஃபிர்மின்.
எனக்குத் தெரியும், நாற்காலி வரப்போகிறது.
நாற்பதாவது விநாடியில் வந்தது.
எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன்.
எதற்கும் இல்லை. குழாய் ஒழுகவில்லை, பால் பொங்கவில்லை.
பக்கத்து அறையில் கடல் முடிந்து
குதிரைப் பந்தய முடிவுகள் வந்தன,
அதற்கும் எங்கள் இசைதான்,
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம், உற்சாகம், பித்தளை.

ஃபிர்மினிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை
அவர் ஒரு அணிவகுப்பைக் கொண்டுவந்தார், மோசமானது,
பற்பசைக்குப் போட்டேன்.
அவர் போனபின் அந்தப் பழைய அட்டையை எடுத்துப்
பின்பக்கத்தில் பென்சிலால் ஒரே சொல்.
பின்பக்கத்தை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆன்ட்வெர்ப்பிலிருந்து
ஒரு சோப்புக் கம்பெனி தொலைபேசியில் கேட்டது:
சமையலறைக்கு ஏதாவது இருக்கிறதா, இதமாக, முப்பது விநாடி?
அட்டைகளைப் புரட்டும் சத்தம் கேட்கட்டுமென்று
கொஞ்சம் புரட்டினேன்.
ஒன்றும் இல்லை, என்றேன்.